அறுபதுக்குப் பின் இறையியல்: படிக்க விரும்பும் கத்தோலிக்கருக்கு ஒரு வழிகாட்டி

பணி ஓய்வு பெற்ற ஆண்டில் நான் இறையியல் படிக்கப் போவதாகச் சொன்னபோது, வீட்டில் "இந்த வயதில் இது எதற்கு?" என்று கேட்டார்கள், பங்கில் "அது சாமியார்கள் படிக்கிற படிப்பல்லவா?" என்று கேட்டார்கள். இரண்டாவது கேள்விக்கு விடை சொல்வது எளிது. நெடுங்காலம் இறையியல் பெரும்பாலும் குருமடங்களுக்குள்ளேயே கற்பிக்கப்பட்டது உண்மைதான். ஆனால் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965-இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்ற ஏட்டின் 62-ஆம் எண், குருக்களோ துறவியரோ அல்லாத பொதுநிலையினர் பலர் இறையியலில் போதிய பயிற்சி பெற வேண்டும் என்றும், அவர்களுள் சிலர் அதையே தம் முழுநேர ஆய்வாக மேற்கொள்ள வேண்டும் என்றும் விரும்புகிறது. 1983-இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 229-ஆம் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்று, திருச்சபையின் பல்கலைக்கழகங்களிலும் நிறுவனங்களிலும் வகுப்பில் அமர்ந்து பட்டம் பெறுவது பொதுநிலையினரின் உரிமை என்கிறது. அதில் வயது வரம்பு எதுவும் இல்லை.

முதல் கேள்விக்கு விடை சொல்ல, என் தாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவருக்கு முதலில் பிறந்த ஆண் குழந்தை மூன்றாம் நாள் இறந்துபோனது. ஞானஸ்நானம் கொடுக்க அவகாசம் இருக்கவில்லை. ஆகவே கல்லறைத் தோட்டத்தின் மதிலுக்கு வெளியே, மந்திரிக்காத மண்ணில் புதைத்தார்கள். குழந்தை மோட்சத்துக்கும் போகாது, நரகத்துக்கும் போகாது, லிம்போ என்ற இடத்தில் இருக்கும் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் மற்றவர்கள் உள்ளே பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருக்கையில், அம்மா மட்டும் வெளியே போய் மதிலோரம் ஒரு வர்த்தியை ஏற்றி, காற்றில் அணையாதிருக்கச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு நிற்பார். அவர் இதைப் பற்றி யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. நான் படிக்கத் தொடங்கியபோது அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் கேட்காமல் விட்ட கேள்வி என்னிடம் வந்து சேர்ந்திருந்தது.

இளமையில் இறையியல் படிப்பவருக்குப் பாடத்திட்டம் கேள்விகளைக் கொடுக்கிறது. வயதான பின் படிக்க வருபவர் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டே வருகிறார். அந்தக் கேள்வியை ஒதுக்கி வைத்துவிட்டுப் படிக்காதீர்கள் என்பதுதான் நான் சொல்ல விரும்புவது. மற்ற வழிமுறைகளெல்லாம் அதிலிருந்து வருகின்றன.

கேள்வியை எழுதி வைத்து, அதன் பின்னே செல்லுங்கள்

ஒரு கனத்த குறிப்பேட்டை வாங்கி, அதன் முதல் பக்கத்தில் உங்கள் கேள்வியை, வீட்டில் பேசும் சொற்களிலேயே எழுதுங்கள். ‘துன்பத்தின் மறைபொருள்’ என்று எழுத வேண்டாம். ‘அவ்வளவு செபித்தும் என் மனைவி ஏன் பிழைக்கவில்லை’ என்று எழுதுங்கள். அதன்பின் அந்தக் கேள்வியைத் திருவிவிலியம், திருச்சபைத் தந்தையர், இடைக்கால இறையியலாளர், பொதுச்சங்கங்கள், திருவழிபாடு, மறைக்கல்வி என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சென்று பாருங்கள். எல்லாவற்றிலும் விடை கிடைக்காது. எங்கே விடை இல்லை என்று தெரிந்துகொள்வதும் படிப்பின் ஒரு பகுதிதான்.

நான் சென்ற வழியைச் சொல்கிறேன். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தை எங்கே இருக்கிறது என்பதற்குத் திருவிவிலியத்தில் நேரடியான விடை இல்லை. தண்ணீராலும் தூய ஆவியாலும் பிறந்தாலன்றி இறையாட்சிக்கு உட்பட இயலாது என்று யோவான் 3:5 சொல்கிறது. எல்லா மனிதரும் மீட்புப் பெற வேண்டுமென்று கடவுள் விரும்புகிறார் என்று 1 திமொத்தேயு 2:4 சொல்கிறது. இரண்டில் ஒன்றைக் கைவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும். இரண்டையும் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டியிருப்பதால்தான் இறையியல் தேவைப்படுகிறது. 5-ஆம் நூற்றாண்டில் மனிதர் தம் சொந்த முயற்சியாலேயே மீட்படையலாம் என்ற பெலாஜியுசின் கொள்கையை எதிர்த்துப் போராடிய புனித அகுஸ்தினார், இக்குழந்தைகளும் தண்டனைக்கு உட்பட்டவர்களே, ஆனால் அவர்களுடைய தண்டனை எல்லாவற்றிலும் மிக இலேசானது என்றார். பின்வந்த இடைக்கால இறையியலாளர்கள் அந்தக் கடுமையைத் தணிப்பதற்காகவே லிம்போ என்ற கருத்தை உருவாக்கினார்கள். அங்கே வேதனை இல்லை, இயற்கையான மகிழ்ச்சி உண்டு என்று புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பித்தார். அம்மாவை ஆயுள் முழுதும் மதிலுக்கு வெளியே நிற்கவைத்த அந்தச் சொல், தொடக்கத்தில் இரக்கத்தினால் பிறந்த சொல் என்று தெரிந்துகொண்ட அன்று, அதற்குமேல் என்னால் படிக்க முடியவில்லை.

மேலும் தேடியபோது, லிம்போவைத் திருச்சபை ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக வரையறுத்ததில்லை என்பதைக் கண்டேன். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1970-இல் வெளிவந்த உரோமைத் திருப்பலி நூலில், பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க விரும்பியிருந்தும் அதற்குமுன் இறந்துவிட்ட குழந்தைக்கென்று அடக்கத் திருப்பலி சேர்க்கப்பட்டிருக்கிறது. திருச்சபை எப்படி மன்றாடுகிறதோ அப்படியே நம்புகிறது என்பது இறையியலின் பழைய விதி. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, 1261-ஆம் எண்ணில், இக்குழந்தைகளைத் திருச்சபை கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறது என்று சொல்லி, சிறு பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடுமாறு இயேசு கூறிய மாற்கு 10:14-ஐ அதற்குச் சான்றாக வைக்கிறது. 2007-இல் பன்னாட்டு இறையியல் ஆணையம், திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட்டின் ஒப்புதலோடு வெளியிட்ட ஆவணம், இக்குழந்தைகள் மீட்புப் பெறுவார்கள் என்று எதிர்நோக்க வலுவான காரணங்கள் உண்டு என்றும், ஆயினும் இது உறுதியான அறிவு அன்று, எதிர்நோக்கே என்றும் கவனமாகச் சொல்கிறது. அந்தக் கவனத்தை நான் மதிக்கிறேன். ஆறுதல் தருவதற்காகத் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லாதவர்களின் ஆறுதலில்தான் மனம் நிலைக்கிறது.

இந்தத் தேடல் முடிய ஏழு மாதங்கள் ஆயின. அதற்குள் அருள், மீட்பு, தொடக்கப் பாவம், அருளடையாளங்கள், திருச்சபையின் போதிக்கும் அதிகாரம் ஆகிய ஐந்து பாடங்களின் வாசலை நான் மிதித்திருந்தேன். பாடநூலை முதல் பக்கத்திலிருந்து தொடங்கியிருந்தால் மூன்றாம் இயலைத் தாண்டியிருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன்.

எந்த நூல்களை, எந்த வரிசையில்

முதலில் மாற்கு நற்செய்தி. பதினாறே அதிகாரங்கள், ஒரே அமர்வில், முடிந்தால் வாய்விட்டு, வாசித்துவிடலாம். ஞாயிறுதோறும் துண்டு துண்டாகக் கேட்டே பழகிய நமக்கு, ஒரு நற்செய்தி முழுமையான ஒரு நூல் என்பதே அப்போதுதான் உறைக்கும். கத்தோலிக்கரும் பிற சபையினரும் சேர்ந்து உருவாக்கிய 1995-ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பை வைத்துக்கொள்ளுங்கள். சீர்திருத்த சபையினர் ஏற்காத இணைத் திருமுறை நூல்களும் அடங்கிய, 73 நூல்கள் கொண்ட பதிப்பா என்று பார்த்து வாங்குங்கள். முன்னுரைகளையும் அடிக்குறிப்புகளையும் தாண்டிப் போகாதீர்கள்.

அடுத்து, நான்கு நற்செய்திகளின் பாடுகளின் வரலாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மாற்கில் சிலுவையில் தொங்கும் இயேசு, திருப்பாடல் 22-இன் முதலடியைச் சொல்லி, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கதறுகிறார். லூக்காவில், தந்தையே, உம் கையில் என் உயிரை ஒப்படைக்கிறேன் என்கிறார். யோவானில், எல்லாம் நிறைவேறிற்று என்று சொல்லித் தலை சாய்க்கிறார். குருத்து ஞாயிறு அன்று மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூன்றில் அந்த ஆண்டுக்குரியதையும், பெரிய வெள்ளியன்று எப்போதும் யோவானையும் கோவிலில் கேட்டே வந்திருக்கிறோம். ஆயினும் ‘ஏழு வாக்கியங்கள்’ என்று எல்லாவற்றையும் சேர்த்தே மனத்தில் வைத்திருப்பதால் வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை. முதன்முறை தெரியும்போது சிலர் கலங்கிப்போவார்கள். கலங்க வேண்டாம். ஒவ்வொரு நற்செய்தியாளரும் எதை நமக்குக் காட்ட விரும்புகிறார் என்று கேளுங்கள். மனைவியைப் பறிகொடுத்த என் வகுப்புத் தோழர் ஒருவர், அந்த ஓராண்டு முழுவதும் மாற்கை மட்டுமே வாசித்தார். மற்ற மூன்றும் தமக்கு அப்போது எட்டாத உயரத்தில் இருந்ததாகச் சொன்னார்.

இந்தக் கட்டத்தில் ‘இறை வெளிப்பாடு’ பற்றிய சங்க ஏட்டைப் படிக்க வேண்டும். 26 எண்கள் மட்டுமே கொண்ட சிறிய ஏடு அது. திருவிவிலிய ஆசிரியர்கள் எந்த இலக்கிய வகையில் எழுதினார்கள் என்று ஆராய வேண்டும் என்று 12-ஆம் எண் சொல்கிறது; தொடக்க நூலில் படைப்பு வரலாறு இரண்டு விதமாக ஏன் இருக்கிறது என்ற குழப்பம் இதைப் படித்தபின் தெளியும். 8-ஆம் எண்ணை மெதுவாகப் படியுங்கள். திருத்தூதர் வழி வந்த மரபைப் பற்றிய புரிதல் திருச்சபையில் வளர்கிறது என்றும், மரியாவைப் போல இவற்றை உள்ளத்தில் இருத்திச் சிந்திக்கும் நம்பிக்கையாளரின் தியானத்தாலும் படிப்பாலும் வளர்கிறது என்றும் அது சொல்கிறது. மேசையருகே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உங்களைப் பற்றியும்தான் அங்கே எழுதியிருக்கிறது.

பின்னர் நம்பிக்கை அறிக்கை. நாம் பல்லாயிரம் முறை சொன்ன வாசகத்தில் ஒரே ஒரு தொடரை எடுத்துக்கொள்ளுங்கள்: ‘தந்தையோடு ஒரே பொருளானவர்’. அலெக்சாந்திரியாவின் குரு ஆரியுஸ், மகன் படைப்புகளுள் முதன்மையானவர், ஆயினும் படைக்கப்பட்டவரே, அவர் இல்லாதிருந்த ஒரு நிலை உண்டு என்று போதித்தார். 325-இல் நிசேயாவில் கூடிய சங்கம் அதை மறுக்கையில் திருவிவிலியத்திலேயே இல்லாத ஒரு கிரேக்கச் சொல்லைக் கையாண்டது. ஆயர்கள் பலருக்கு அது உறுத்தியது. ஆனால் திருவிவிலியச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் ஆரியுஸ் தரப்பினர் தமக்கேற்ற பொருளைச் சொல்லிக்கொண்டிருந்ததால், திருவிவிலியத்தின் பொருளைக் காக்கவே வெளியிலிருந்து ஒரு சொல் தேவைப்பட்டது. அந்தச் சொல்லுக்காகப் புனித அத்தனாசியார் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். இதை அறிந்தபின் அந்த வரியை ஞாயிற்றுக்கிழமை வேகமாக ஒப்பித்துவிட்டுப் போக என்னால் முடிவதில்லை.

மறைக்கல்வி நூலில் 2865 எண்கள் இருக்கின்றன. அதை நாவல்போலத் தொடர்ந்து படிக்க முயன்று பாதியில் விட்டவர்கள் பலரை அறிவேன். உங்கள் கேள்விக்குரிய எண்ணைத் திறந்து, அடிக்குறிப்பு காட்டும் மூலத்துக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்து பழகுங்கள். கூடவே அகுஸ்தினாரின் ‘ஒப்புகைகள்’ இருக்கட்டும். தன் வாழ்வைத் திரும்பிப் பார்த்துக் கடவுளிடமே பேசும் அந்த நூல், திரும்பிப் பார்க்க நிறைய இருப்பவர்களுக்கு நன்றாகவே புரியும்.

பழைய சொற்களைத் தூக்கி எறியாதீர்கள்

நம்மைப் போன்றவர்களுக்கு இளையோருக்கு இல்லாத ஒரு செல்வம் உண்டு. சின்னக் குறிப்பிடம் என்ற பழைய மறைக்கல்விக் கேள்வி-பதில் நூலை ஒப்பித்த தலைமுறையின் சொற்கள் நம் காதில் இன்னும் இருக்கின்றன: சர்வேசுரன், இஷ்டப்பிரசாதம், தேவதிரவிய அனுமானம், பாவசங்கீர்த்தனம், பூசை. இன்று கடவுள், அருள், அருளடையாளம், ஒப்புரவு, திருப்பலி என்கிறோம். இது வடமொழி நீக்கம் மட்டுமே என்று எண்ண வேண்டாம். பாவசங்கீர்த்தனம் என்ற சொல் பாவத்தை எடுத்துரைக்கும் மனிதரின் செயலை முன்னிறுத்துகிறது. ஒப்புரவு என்ற சொல் முறிந்த உறவு சேர்வதை முன்னிறுத்துகிறது. குறிப்பேட்டில் இரண்டு பத்திகள் போட்டு, பழைய சொல்லை ஒருபுறமும் புதிய சொல்லை மறுபுறமும் எழுதி, ஒவ்வொன்றும் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று சிந்தியுங்கள். 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி எந்தத் தமிழ்ச் சொல்லில் எந்த மறையுண்மையைச் சொல்வது என்று அல்லும் பகலும் எண்ணியவர். தமிழில் இறையியல் அந்த உழைப்பிலிருந்து வளர்ந்தது.

ஒரு கருத்துக்கு எவ்வளவு எடை

பக்தி முயற்சிகளில் ஊறியவர்கள் எல்லாவற்றையும் ஒரே எடையில் நம்பப் பழகியிருப்போம். எதைப் படித்தாலும், எதைக் கேட்டாலும், இது வரையறுக்கப்பட்ட கோட்பாடா, அதிகாரப்பூர்வமான போதனையா, மாற்றத்தக்க ஒழுங்குமுறையா, இறையியலாளரின் கருத்தா, தனி வெளிப்பாடா என்று கேளுங்கள். கிறிஸ்து உண்மையான கடவுளும் உண்மையான மனிதரும் ஆனவர் என்பது கோட்பாடு. குருக்கள் மணமாகாதிருப்பது இலத்தீன் திருச்சபையின் ஒழுங்குமுறை. கத்தோலிக்கக் கீழைத் திருச்சபைகள் பலவற்றில் மணமானவர்களும் குருக்களாக இருக்கிறார்கள். காட்சிகளில் கிடைத்த செய்திகள், திருச்சபை ஏற்றுக்கொண்டவையாயினும், விசுவாசக் கருவூலத்தைச் சேர்ந்தவை அல்ல என்று மறைக்கல்வியின் 67-ஆம் எண் சொல்கிறது. கைப்பேசியில் வரும் போதகர் எவருடைய அச்சமூட்டும் செய்தியையும் பிறருக்கு அனுப்புமுன் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வது நல்லது. லிம்போ என்ற கருத்து கோட்பாட்டின் எடையோடு ஒரு தாயின்மேல் வைக்கப்பட்டதால் என்ன நடந்தது என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

வகுப்பும் நாளும் பொழுதும்

பட்டம் வேண்டுமா, தெளிவு வேண்டுமா என்பதை முதலில் தீர்மானியுங்கள். திருச்சபையின் முறைப்படியான இறையியல் இளங்கலைப் படிப்பு, மெய்யியலையும் சேர்த்து ஐந்து ஆண்டுகள் பிடிக்கும். அது பெரும்பாலோருக்குத் தேவையில்லை. மறைமாவட்டங்களின் மேய்ப்புப்பணி நிலையங்களிலும் துறவற சபைகளின் நிலையங்களிலும் பொதுநிலையினருக்காக வார இறுதி வகுப்புகளும் அஞ்சல் வழிப் படிப்புகளும் நடப்பதுண்டு. உங்கள் பங்குத்தந்தையிடம் விசாரியுங்கள். யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள், அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ நாகரிகம் தனிப் பாடமாகவே கற்பிக்கப்படுவதை அறிந்திருப்பார்கள். சேருமுன், பாடம் தமிழில் நடக்கிறதா, கேள்வி கேட்க நேரம் ஒதுக்குகிறார்களா என்ற இரண்டை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். நான் முதலில் சேர்ந்த ஒரு வகுப்பில் குறிப்பை வாசித்துக்கொண்டே போவார்கள், கேள்வி கேட்டால் நேரமில்லை என்பார்கள். மூன்று மாதத்தில் விட்டுவிட்டு வேறிடம் தேடினேன், அதில் வருத்தமில்லை.

வீட்டில், விடியற்காலையில் முக்கால் மணி நேரம் போதும். இரவு படித்தது மறுநாள் நினைவில் இருப்பதில்லை. பெயர்களும் ஆண்டுகளும் மறக்கும். மறந்தால் குறிப்பேட்டைப் பார்த்துக்கொள்ளலாம். வாரம் ஒரு பக்கமாவது சொந்தச் சொற்களில் எழுதுங்கள், ஏனெனில் புரிந்துவிட்டது என்று நாம் நினைப்பது எழுதும்போதுதான் சோதிக்கப்படுகிறது.

படிப்பும் செபமும்

பின்னாளில் இயேசு சபையை நிறுவிய புனித லொயோலா இஞ்ஞாசியார் 1524-இல், தமது 33-ஆம் வயதில், பார்சலோனாவில் சிறுவர்களோடு இலத்தீன் இலக்கணம் கற்கத் தொடங்கினார். மனப்பாடம் செய்ய உட்காரும்போதெல்லாம் ஆன்மீக ஒளியும் இன்பமும் பொங்கி வந்து அவரைப் படிக்கவிடாமல் செய்தன. செபத்திலும் திருப்பலியிலும்கூட அவ்வளவு தெளிவு அவருக்கு வந்ததில்லை. இது நல்ல ஆவியின் வேலையாக இருக்க முடியாது என்று அவர் கண்டுகொண்டு, கடற்கரைப் புனித மரியா ஆலயத்துக்குத் தம் ஆசிரியரை அழைத்துச் சென்று, இந்த இரண்டாண்டும் உம் வகுப்பில் தவறாமல் இருப்பேன் என்று வாக்குக் கொடுத்தார். பக்தியில் தேர்ந்த முதியவர்களுக்கு இதே சோதனை வரும். கடினமான பக்கம் வந்ததும் கை செபமாலையைத் தேடும். படிப்புக்குரிய நேரத்தில் படியுங்கள். முடித்தபின், படித்ததில் ஒரு வரியை எடுத்துக்கொண்டு கோவிலிலோ மொட்டை மாடியிலோ அமைதியாக உட்காருங்கள்.

ஒரு கட்டத்தில் எல்லாம் வறண்டுபோகும். குழந்தைப் பருவத்தில் நம்பியதெல்லாம் சரிகிறதோ என்ற அச்சம் எழும். ஆயிரமாயிரம் இடர்ப்பாடுகள் சேர்ந்தாலும் அவை ஓர் ஐயம் ஆகிவிடா என்று புனித ஜான் ஹென்றி நியூமன் 1864-இல் எழுதினார். புரியாமல் தவிப்பது வேறு, நம்பாமல் போவது வேறு. வறட்சியின் நாள்களில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்பது இஞ்ஞாசியாரின் விதி. வகுப்பை விடுவதாக இருந்தாலும், மனம் தெளிந்திருக்கும் ஒரு நாளில் முடிவு செய்யுங்கள். படிப்புத் தோழர் ஒருவரிடமாவது இந்த அச்சத்தைச் சொல்லிவிடுங்கள்.

படித்ததைப் பங்கின் சிறு குழுவான அன்பியத்தில் பகிரும்படி விரைவிலேயே கேட்பார்கள். பங்குத்தந்தையிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். நவநாளுக்கு வரும் பாட்டிகளைத் திருத்தப் போகாதீர்கள். யாராவது கேள்வி கேட்டால் மட்டும், அறிந்த அளவுக்குச் சொல்லுங்கள். ஒருமுறை கூட்டம் முடிந்து எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருக்கையில், எண்பதைத் தாண்டிய ஓர் அம்மா என்னை ஓரமாக அழைத்து, தனக்குச் செத்துப் பிறந்த பெண் குழந்தையைப் பற்றிக் கேட்டார். நான் மறைக்கல்வியின் 1261-ஆம் எண்ணை மெதுவாக வாசித்தேன். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு அந்த எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதித் தரும்படி கேட்டு வாங்கி, செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். இப்படிக் கேட்பவர்களுக்கு விளக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லி, எண்ணை எழுதிக் கொடுங்கள். வீட்டுக்குப் போய்ப் பேரப்பிள்ளைகளை விட்டு மறுபடியும் வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள்.